ஹோம்மேட் என்றாலே சேஃபா? சீயக்காய் முதல் சன்ஸ்கிரீன் வரை.. எதை வீட்டில் செய்யலாம்? எதைச் செய்யவே கூடாது?

ரீல்ஸைத் திறந்தாலே ஹோம்மேட் ஷாம்பூ, ஹோம்மேட் சோப், ஹோம்மேட் சன்ஸ்கிரீன் என்று வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. “கெமிக்கலே இல்லை, பிளாஸ்டிக்கே இல்லை, கிச்சன்ல இருக்கிற பொருளே போதும்” என்பதுதான் எல்லாவற்றிலும் சொல்லப்படும் வசனம். காசும் மிச்சம், குப்பையும் குறையும் என்பதால் பலரும் செய்து பார்க்கிறார்கள்.

இதில் சில பொருட்கள் உண்மையிலேயே நல்லவை. நம் பாட்டிகள் காலம் காலமாகச் செய்தவை. ஆனால் சிலவற்றால் முகத்தில் தீக்காயம் ஏற்படலாம். சிலவற்றால் பல் சொத்தையாகலாம். கைக்குழந்தைக்கு வலிப்பு வரவைக்கும் அளவுக்கு ஆபத்தானவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

அப்படியென்றால் எதைச் செய்யலாம், எதை விட்டுவிடணும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், குப்பைப் பிரச்னை என்ன?

பாத்ரூமில் இருந்து வரும் குப்பையில் அதிகம் கவனிக்கப்படாதது ஷாம்பூ சாஷே. ஒருவர் வாரத்துக்கு 2 பாக்கெட் பயன்படுத்தினால் வருஷத்துக்கு 104. நாலு பேர் உள்ள வீட்டில் 416. ஒரு பாக்கெட்டின் எடை ஒரு கிராம் அளவுக்குக்கூட இருக்காது. அதனால் பழைய பொருள் எடுப்பவர்கள் அதைப் பொறுக்குவதில்லை. நூற்றுக்கணக்கில் சேர்த்தாலும் காசு தேறாது.

இன்னொரு சிக்கல், பல சாஷேக்கள் ஒரே பிளாஸ்டிக்கில் செய்யப்படுவதில்லை. வேறு வேறு வகை பிளாஸ்டிக்கும், சிலவற்றில் அலுமினியப் படலமும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கும். ஈரம், வெளிச்சம், காற்று உள்ளே போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் ஒட்டிய அடுக்குகளைப் பிரிப்பது கஷ்டம் என்பதால் மறுசுழற்சி செய்வதும் கஷ்டம். கடைசியில் சாக்கடையிலும் குப்பைமேட்டிலும்தான் சேர்கிறது.

சாஷேயின் சொந்த ஊர் கடலூர்!

இந்தியாவில் சாஷே புரட்சிக்கு வித்திட்டவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். பணக்காரர்கள் வாங்கும் பொருளைக் கூலித் தொழிலாளியும் வாங்க முடியணும் என்பது அவருடைய எண்ணம். அவருடைய மகன்கள் ‘வெல்வெட்’ ஷாம்பூவைச் சாஷேயில் கொண்டு வந்தார்கள். இன்னொரு மகனான சி.கே.ரங்கநாதன் 1983ல் தனியாகத் தொழில் தொடங்கி ‘சிக்’ ஷாம்பூவை அறிமுகப்படுத்தினார். காலி சாஷேக்களைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒரு சிக் ஷாம்பூ இலவசம் என்ற திட்டத்தால்தான் அந்த பிராண்ட் கிராமங்களில் வேகமாகப் பரவியது. காலி பாக்கெட்டைத் திருப்பி வாங்குவதும் நடக்கக்கூடிய விஷயம்தான் என்பதற்கு இதுவே உதாரணம்.

அதனால் சாஷே வாங்குபவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு பாட்டில் வாங்கக் கையில் பணம் இருக்காது. போதாக்குறைக்கு, பல பிராண்டுகளில் மில்லிக்குக் கணக்குப் போட்டால் பாட்டிலைவிட சாஷேதான் மலிவு.

2016ம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும், 2022ல் வந்த வழிகாட்டு நெறிமுறைகளும், தாங்கள் சந்தையில் விடும் பிளாஸ்டிக் பேக்கிங்குக்கு அந்தந்த நிறுவனமே பொறுப்பு என்கின்றன. ஆக, இது வாங்குபவரின் தலையில் மட்டும் சுமத்த வேண்டிய பாரமில்லை. அதே நேரம், வீட்டளவில் குறைக்க முடிந்ததைக் குறைக்கலாம். அதற்குத்தான் வீட்டுத் தயாரிப்பு கைகொடுக்கிறது.

செய்வதற்கு முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

எந்த வீடியோவைப் பார்த்தாலும், கலக்க ஆரம்பிப்பதற்கு முன் இந்த 3 கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இதில் தண்ணீர் இருக்கா? பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர ஈரம் வேண்டும். நன்றாகக் காய்ந்த பொடியிலும் சுத்தமான எண்ணெயிலும் அவை சுலபமாக வளராது. ஜெல், கிரீம், அரைத்த விழுது, பூ ஊறவைத்த தண்ணீர் ஆகியவற்றில் தாராளமாக வளரும்.

2. அளவு தப்பினால் என்ன ஆகும்? சீயக்காயில் வெந்தயம் கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது. சோப்பில் காஸ்டிக் சோடா கொஞ்சம் கூடினால் தோல் வெந்துவிடும்.

3. இது எங்கே போகிறது? யாருக்கு? கண், வாய், வெடித்த தோல், கைக்குழந்தை என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

இந்த மூன்றையும் வைத்து வீட்டுத் தயாரிப்புகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு சிக்னல் என்று பிரித்துவிடலாம்.

பச்சை சிக்னல்: தைரியமாகச் செய்யலாம்

சீயக்காய் பொடி

சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு மூன்றிலும் ‘சபோனின்’ என்ற இயற்கையான நுரைக்கும் பொருள் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது அதுதான். நுரை குறைவாக வருவதால் அழுக்குப் போகவில்லை என்று நினைக்கத் தேவையில்லை. நுரைக்கும் சுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு இதுதான்:

- சீயக்காய் – 1 கிலோ
- பச்சைப்பயறு – கால் கிலோ
- வெந்தயம் – 100 கிராம்
- பூந்திக்கொட்டை (கொட்டை நீக்கியது) – 100 கிராம்
- காய்ந்த ஆவாரம்பூ, செம்பருத்தி இலை, எலுமிச்சைத் தோல் – தலா ஒரு கைப்பிடி

எல்லாவற்றையும் உடைத்தால் ‘மடக்’ என்று ஒடியும் அளவுக்கு வெயிலில் காயவைத்து மில்லில் அரைக்கணும். பல மாவு மில்களில் சீயக்காய்க்கு என்றே தனி மெஷின் இருக்கும். சாப்பாட்டு மாவு அரைக்கும் மெஷினில் போடக் கூடாது. அரைத்த சூடு ஆறியபிறகு, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்கலாம். ஈரக் கையோ ஈர ஸ்பூனோ உள்ளே போகக் கூடாது. மொத்தப் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

குளிக்கும்போது தேவையான அளவை மட்டும் எடுத்து, வடித்த கஞ்சியில் கரைத்துப் பயன்படுத்தலாம். மிச்சமானதை வைத்திருந்து மறுநாள் பயன்படுத்த வேண்டாம். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவணும். பொடி சாக்கடைக் குழாயை அடைக்கும் என்பதால் பாத்ரூம் ஜாலியில் ஒரு வலை போட்டு வைப்பது நல்லது.

போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு சோப்பு சேரும்போது வெள்ளைப் பிசுக்கு உருவாகும். சோப்பால் தலை அலசினால் முடி ஒட்டிக்கொள்வது அதனால்தான். சீயக்காயில் அந்தப் பிரச்னை இல்லை. வீட்டில் செய்த சோப்பையே ‘ஷாம்பூ பார்’ என்று தலைக்குத் தேய்த்து ஏமாந்தவர்களுக்கு இதுதான் காரணம்.

குளியல் பொடி

பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, காய்ந்த ரோஜா இதழ், ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள். இதுதான் நலங்கு மாவின் அடிப்படை. இதுவும் உலர்ந்த பொடி என்பதால் மாதக்கணக்கில் இருக்கும். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் தேவை.

ஒன்று, கார்போக அரிசி. பல நலங்கு மாவு பட்டியல்களில் இது இருக்கும். இதில் ‘சோரலென்’ என்ற பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், தோல் வழக்கத்தைவிட அதிகமாகச் சிவந்து கறுக்கும். வெண்புள்ளிக்கான ஒளி சிகிச்சையில் சோரலென்னைப் பயன்படுத்துவதே இந்தத் தன்மைக்காகத்தான். மருத்துவர் கண்காணிப்பில் பயன்படும் ஒரு பொருளை, பூசிக் குளித்துவிட்டு வெயிலில் கிளம்பும் பொடியில் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு, மஞ்சள் தூள். பளிச்சென்ற நிறத்துக்காக ‘லெட் குரோமேட்’ என்ற ஈயம் கலந்த நிறமியைச் சேர்க்கும் கலப்படம் நடப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதனால் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்கி, கழுவிக் காயவைத்து அரைப்பதே பாதுகாப்பு.

மூலிகை எண்ணெய், லிப் பாம், படிகாரம்

செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சும் தேங்காய் எண்ணெயும் வீட்டில் செய்யலாம். இலையில் உள்ள ஈரம் முழுசாகப் போவதுதான் முக்கியம். எண்ணெயில் சடசட சத்தம் அடங்கி, இலை மொறுமொறுவென்று ஆனால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே இறக்கினால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், பூஞ்சையும் வரலாம். முகப்பரு அதிகம் உள்ளவர்கள் தேங்காய் எண்ணெயை முகத்தில் பூசுவதைத் தவிர்ப்பது நல்லது. துளைகளை அடைத்து பருவை அதிகமாக்கும்.

லிப் பாமும் சுலபம்தான். ஒரு பங்கு தேன்மெழுகு, மூன்று பங்கு தேங்காய் எண்ணெய், இரண்டையும் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, காலியான சின்ன டப்பாவில் ஊற்றினால் முடிந்தது. கோடையில் உருகினால் மெழுகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

டியோடரன்ட்டுக்குப் பதில் படிகாரம் நல்ல மாற்று. குளித்ததும் ஈர அக்குளில் கட்டியை லேசாகத் தேய்த்தால் நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியா குறையும். ஒரு கட்டி பல மாதம் வரும். ஷேவிங் செய்த உடனே தேய்த்தால் எரியும். சலூனில் எல்லோருக்கும் ஒரே கட்டியைத் தேய்ப்பது மட்டும் வேண்டாம். வெட்டுக்காயம் வழியாக ஒருவரின் ரத்தத்தில் உள்ள கிருமி இன்னொருவருக்குப் போக வாய்ப்பிருக்கிறது.

மஞ்சள் சிக்னல்: பார்த்துச் செய்யணும்

கற்றாழை ஜெல், ஃபேஸ் பேக்

தண்ணீர் சேர்ந்த எதுவும் அன்றே செய்து, அன்றே முடிக்க வேண்டியது. “வைட்டமின் ஈ கேப்சூல் சேர்த்தால் 6 மாதம் கெடாது” என்று வீடியோக்களில் சொல்வது தவறு. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்லாது. கடையில் வாங்கும் கிரீமில் பிரிசர்வேட்டிவ் சேர்ப்பதே கிருமி வளராமல் இருக்கத்தான். நிறமும் வாசனையும் மாறவில்லை என்பதால் கிருமி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைத் தோலில் பட விடக் கூடாது. சிலருக்கு அரிப்பும் எரிச்சலும் தரும். மடலை நிறுத்தி வைத்துப் பாலை வடியவிட்டு, கழுவிய பிறகே சோற்றை எடுக்கணும்.

எலுமிச்சை, பேக்கிங் சோடா

நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது. அதன் பிஹெச் அளவு சுமார் 5. எலுமிச்சைச் சாற்றின் அளவு 2 முதல் 3க்குள். பேக்கிங் சோடா கரைசல் 8க்கு மேல். இரண்டுமே தோலின் இயல்பில் இருந்து வெகுதூரம். அதனால்தான் எரிச்சல், வறட்சி, அக்குளில் தடிப்பு எல்லாம் வருகிறது.

எலுமிச்சையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் கொப்புளம் வந்து, பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துப் போகலாம். முகம் வெளுக்கணும் என்று தடவியது கடைசியில் முகத்தைக் கறுக்க வைத்துவிடும்.

மருதாணி, ஹேர் டை

உண்மையான மருதாணி தரும் நிறம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. கறுப்பு வேண்டும் என்பவர்கள் மருதாணி போட்டு அலசிவிட்டு, அதன்மேல் அவுரிப் பொடி போடுவது பழைய முறை. ‘பிளாக் ஹென்னா’ என்ற பெயரில் அரை மணி நேரத்தில் கறுப்பாக்கும் எதிலும் ‘பிபிடி’ என்ற சாயம் இருக்க வாய்ப்பு அதிகம். அது சிலருக்குக் கடுமையான அலர்ஜி தரும். முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் போவதும் உண்டு.

சோப்பு: இதில் மட்டும் ரிஸ்க் எடுக்காதீங்க

“காஸ்டிக் சோடா இல்லாத சோப்பு” என்று ஒன்று கிடையாது. எண்ணெயும் காரமும் வினை புரிந்து உருவாவதுதான் சோப்பு. சரியாகச் செய்தால் கடைசியில் காரம் மிச்சமிருக்காது. ‘உருக்கி ஊற்று’ வகை சோப் பேஸ் வாங்கினாலும், அந்த வினையை ஏற்கெனவே வேறு யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவையான காஸ்டிக் சோடா வேறு. 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுசாகச் சோப்பாக சுமார் 183 கிராம் தேவை. அதே 1 கிலோ நல்லெண்ணெய்க்கு சுமார் 134 கிராம் போதும். தேங்காய் எண்ணெய்க்குச் சொன்ன அளவை அப்படியே நல்லெண்ணெயில் போட்டால் 50 கிராம் காரம் சோப்பிலேயே தங்கிவிடும். குளிக்கும்போது தோலை அரிப்பது அதுதான்.

செய்தே தீரணும் என்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

- டம்ளர், ஸ்பூன் கணக்கு வேண்டாம். டிஜிட்டல் தராசில் கிராம் கணக்கில் எடை போடணும்.
- தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். காஸ்டிக் சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.
- அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும்.
- கண்ணாடி, கையுறை கட்டாயம். ஜன்னல் திறந்திருக்கணும். குழந்தைகள் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.
- ஊற்றிய சோப்பை 4 முதல் 6 வாரம் காற்றில் ஆறவிட்ட பிறகே பயன்படுத்தணும்.

மேலே பட்டுவிட்டால் வினிகரோ எலுமிச்சையோ ஊற்றக் கூடாது. ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவணும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குப் போகணும். பார்வையே போகக்கூடிய ஆபத்து இது. தண்ணீர் பாட்டிலில், ஜூஸ் பாட்டிலில் காஸ்டிக் கரைசலை ஊற்றி வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்தால் உணவுக்குழாய் வெந்துவிடும்.

சிவப்பு சிக்னல்: வீட்டில் செய்யவே கூடாதவை

சன்ஸ்கிரீன்

ஜிங்க் ஆக்சைடு பொடியைத் தேங்காய் எண்ணெயில் கலந்தால் சன்ஸ்கிரீன் ரெடி என்று வீடியோக்கள் சொல்கின்றன. வீட்டில் கலக்கும்போது பொடி சரியாகக் கரையாமல் கட்டி கட்டியாக நிற்கும். தோலில் பூசினால் ஒரு இடத்தில் அதிகமாகவும், பக்கத்திலேயே ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். கண்ணுக்குப் பூசியதுபோலத் தெரியும், வெயில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கடையில் விற்பதில் ‘எஸ்பிஎஃப் 30’ என்று போட அதைச் சோதனை செய்தாகணும். வீட்டில் அதற்கு வழியே இல்லை. காசு மிச்சம் பிடிக்கணும் என்றால் குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை. இவற்றில் குப்பையும் இல்லை.

பற்பசை

தேங்காய் எண்ணெய், பேக்கிங் சோடா, கரித்தூள் கலந்த ஹோம்மேட் பேஸ்ட்டில் இல்லாத ஒன்று ஃபுளோரைடு. சொத்தையைத் தடுப்பதில் நன்கு நிரூபிக்கப்பட்டது அதுதான். ஃபுளோரைடு பற்பசையை உலக சுகாதார நிறுவனம் 2021ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்தது. கரித்தூள், செங்கல் பொடி, உப்பு ஆகியவை பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. ‘ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி’ என்ற சொலவடை பொய் இல்லை. குச்சியால் தேய்ப்பது அழுக்கை எடுக்கும். ஆனால் இன்றைக்குச் சாப்பிடும் சாக்லேட், பிஸ்கட், கூல்டிரிங்க்ஸுக்கு அது மட்டும் போதாது.

3 வயதுக்குள் உள்ள குழந்தைக்கு ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் முக்கியக் காரணம். போர் தண்ணீரையே குடிக்கும் பகுதிகளில், குழந்தைகளுக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்வது நல்லது.

குழந்தைக்குக் கண் மை

விளக்கெண்ணெய் விளக்கில் கரி பிடித்து வீட்டிலேயே செய்த மை என்றாலும் குழந்தையின் கண்ணுக்குள் வைக்கக் கூடாது. விரல் நகத்தில் உள்ள கிருமி கண்ணுக்குப் போகும், கண்ணீர்க் குழாய் அடைக்கும். கடையில் கிடைக்கும் சில சுர்மா, மை வகைகளில் ஈயம் இருப்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மை வைத்தால் கண் பெரிதாகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. திருஷ்டிக்கு வைத்தே ஆகணும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தால் போதும். கன்னத்தில் வைத்தால் குழந்தை தேய்த்து கண்ணுக்கும் வாய்க்கும் கொண்டுபோய்விடும்.

சூடம் போட்ட எண்ணெய்

சளிக்கு நல்லது என்று தேங்காய் எண்ணெயில் சூடத்தைக் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தடவுவது பல வீடுகளில் வழக்கம். சூடம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உடலுக்குள் போகும். கைக்குழந்தைக்கு வலிப்பு வரவைக்கக்கூடியது. 2 வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தடவவே கூடாது. கொஞ்சம் வாய்க்குள் போனாலும் ஆபத்து என்பதால் சூடத்தைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கணும்.

எதைப் பூசினாலும் முதலில் பேட்ச் டெஸ்ட்

செய்த பொருளைக் கொஞ்சமாக முழங்கையின் உள்பக்கம் தடவி, 48 மணி நேரம் பார்க்கணும். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை என்றால்தான் முகத்துக்கோ தலைக்கோ போகலாம். பாட்டில் எண்ணெய்களான டீ ட்ரீ, யூகலிப்டஸ் போன்றவற்றை நேராகத் தோலில் ஊற்றக் கூடாது. 100 மில்லி எண்ணெய்க்கு 1 மில்லி என்ற அளவில் கலந்தே பயன்படுத்தணும்.

வீட்டில் செய்ததை விற்கலாமா?

சீயக்காயும் சோப்பும் செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் பெண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்குச் செய்வதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அழகு சாதனப் பொருளாக விற்பனைக்குத் தயாரித்தால் 2020ம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகள்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் தேவை. லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, என்னென்ன சேர்ந்திருக்கிறது, பேட்ச் எண், எப்போதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரங்கள் இருக்கணும். வாங்குபவர்களும் இவற்றைப் பார்த்தே வாங்கணும். “ஹெர்பல்” என்ற ஒரு வார்த்தை மட்டும் எழுதியிருந்தால் போதாது.

எதையும் செய்யாமலேயே குப்பையைக் குறைக்கலாம்

ஒரு ஃபேஸ் பேக்குக்காக ஆன்லைனில் 12 பொருள் ஆர்டர் போட்டால், 12 பிளாஸ்டிக் பவுச்சும் அட்டைப்பெட்டியும் வீட்டுக்கு வரும். ஒரு ஷாம்பூ பாட்டிலின் குப்பையைவிட அது அதிகம். நாட்டு மருந்துக் கடைக்குத் துணிப்பையோடும் டப்பாவோடும் போய் எடை போட்டு வாங்கினால்தான் உண்மையில் குப்பை குறையும். இதற்கென்று புது கண்ணாடி ஜார் வாங்குவதும் தேவையில்லை. வீட்டில் இருக்கும் பழைய பாட்டில் போதும்.

கலக்கவோ காய்ச்சவோ நேரமில்லாதவர்கள் செய்யக்கூடியவை இதோ:

- லிக்விட் பாடி வாஷுக்குப் பதில் காகித உறை போட்ட சோப்புக் கட்டி.
- பல சாஷேக்குப் பதில், முடிந்தவர்கள் பெரிய பாட்டில் அல்லது ரீஃபில்.
- தூக்கிப் போடும் ரேசருக்குப் பதில், பிளேடு மட்டும் மாற்றும் ஸ்டீல் ரேசர்.
- வெட் வைப்ஸுக்குப் பதில் ஈரத் துணி. பல வெட் வைப்ஸ்களில் இருப்பது பிளாஸ்டிக் நார்.
- காதுக்கு பட்ஸே வேண்டாம். அழுக்கை இன்னும் உள்ளேதான் தள்ளும். பிளாஸ்டிக் குச்சி பட்ஸுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடையும் இருக்கிறது.

பெண்களுக்கு மிகப் பெரிய மாற்றம் தரக்கூடியது சானிட்டரி நாப்கினுக்கான மாற்று. ஒரு மென்சுரல் கப்பைச் சரியாகப் பராமரித்தால் 10 வருஷம் வரை பயன்படுத்தலாம். 43 ஆய்வுகளை அலசி 2019ல் ‘தி லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை, கப் பாதுகாப்பான மாற்று என்றது. 12 மணி நேரத்துக்குள் எடுத்துக் கழுவணும், மாதவிடாய் முடிந்ததும் கொதிக்க வைக்கணும். துணி நாப்கின் என்றால் பருத்தித் துணியில் வீட்டிலேயே தைக்கலாம். பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டு, நல்ல வெயிலில் காயவைக்கணும். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பாத்ரூம் மூலையிலோ வேறு துணிக்கு அடியிலோ காயப்போட்டால், ஈரம் தங்கித் தொற்று வரும்.

சுருக்கமா சொன்னா..

உலர்ந்த பொடியும் ஈரம் போன எண்ணெயும் வீட்டில் செய்யலாம். தண்ணீர் சேர்ந்ததை அன்றே செய்து அன்றே முடிக்கணும். சோப்பு தராசும் பொறுமையும் உள்ளவர்களுக்கு மட்டும். சன்ஸ்கிரீன், பற்பசை இரண்டையும் கடையில் வாங்குங்கள். குழந்தைக்குக் கண் மையும் சூட எண்ணெயும் வேண்டவே வேண்டாம்.

எதில் இருந்து ஆரம்பிப்பது என்று யோசிப்பவர்கள் சீயக்காயில் இருந்து ஆரம்பிக்கலாம். நாலு பேர் உள்ள வீட்டில் அந்த ஒரு டப்பா மட்டுமே வருஷத்துக்கு 400க்கும் மேற்பட்ட சாஷே குப்பையைக் குறைத்துவிடும்.